டோயலுக்கு மூன்று வெடி

ஞாயிற்றுக்கிழமை நாலு மணி ஆனதைத் தெரிந்துகொள்ள பெல் க்ரீக்கில் யாரும் கடிகாரம் பார்த்ததில்லை. டோயல் ராக்ஸ்டேல் வீட்டுப் பின்பக்கமிருந்து ஆறு தடவை சத்தம் கேட்கும். சர்ச்சின் மரத்தரையில் பலகையைத் தட்டையாகப் போட்டால் ஒரு சத்தம் வருமே, அது மாதிரி. பெரிய துப்பாக்கியின் இடியும் இல்லை, அணில் சுடுகிற துப்பாக்கியின் சொடக்கும் இல்லை. ஆறு எண்ணி முடித்ததும் நாங்கள் உருளைக்கிழங்கை அடுப்பில் ஏற்றுவோம்.

அந்தச் சத்தம் முப்பத்திரண்டு மேக்னத்தின் சத்தம். உங்களில் துப்பாக்கி தெரியாத பிள்ளைகளும் இருப்பீர்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். அது பென்சில் தடிமனுள்ள தோட்டா. ஆள் ஒல்லி, அடி பலம். ஒரே அளவு ரிவால்வரில் மற்றத் தோட்டா ஐந்து போட்டால் இது ஆறு போடலாம். அதே தோட்டா ஜோடிக் கார்பைனுக்கும் பொருந்தும். இடுப்புக்கு ஒரு துப்பாக்கி, தோளுக்கு ஒரு துப்பாக்கி, இரண்டுக்கும் ஒரே தோட்டாப் பை. விஷயம் இவ்வளவுதான். இதைப் பற்றிப் பேசுவதற்கு எங்கள் ஓசார்க் மலைப்பக்கத்தில் ஒரு சங்கம் இருந்தது. அதில் நாற்பத்தொரு பேர், எட்டுக் குழுக்கள், அறுபத்திரண்டு துணைவிதிகள்.

சர்ச்சிலிருந்து வந்ததும் டோயல் முதல் காரியமாக ஆறு தோட்டாவை ரிவால்வர் உருளையில் போட்டு, உறையோடு மான் கொம்பில் மாட்டுவார். அப்புறம்தான் பொரித்த கோழியின் முன் உட்காருவார். சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் ஒரு தூக்கம். எழுந்தால் நாலு மணி. பின்பக்கத்து ஓக் மரக்கட்டை ஆறு அடி வாங்கும். முப்பது வருஷமாக இதுதான் நடந்தது. கார்பைன் அணில் காலத்துக்கு மட்டும்.

போன வருஷத்துக்கு முந்தின ஏப்ரலில் ஒரு ஞாயிறு, சாப்பிட்டுத் தூங்கினவர் எழுந்திருக்கவில்லை. அவர் மனைவி ஒலீட்டா அடுக்களையில் உருளைக்கிழங்கைச் சீவிவைத்துக்கொண்டு சத்தத்துக்குக் காத்திருந்தாள். நாலேகாலுக்குத்தான் போய்ப் பார்த்தாள்.

டோயல் அவளிடம் முன்பே சொல்லிவைத்திருந்தார். "நான் போனா பெரிசா ஒண்ணும் வேணாம் புள்ள. கல்லு நட்டதும், அலங்கார நாளன்னிக்கு, என் துப்பாக்கியால மூணு வெடி. பேச்சு கீச்சு வேணாம். அந்தச் சத்தம் போதும்." மே மாதக் கடைசியில் கல்லறைகளுக்கெல்லாம் பூ வைப்போமே, அந்த நாளைத்தான் சொன்னார்.

"சரி" என்று ஒலீட்டா சொல்லியிருந்தாள். நாற்பத்தாறு வருஷத்தில் அவர் அவளிடம் கேட்டது அதிகமில்லை.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் சங்கத் தலைவர் மெரிட் ஃபேன்ச்சர் ஒரு பீக்கன் பருப்புப் பலகாரத்தோடு வந்தார். காப்பீட்டு முகவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரோடு சோதனைக் குழுத் தலைவர் கேலன் ப்ரூவிட், கையில் வெள்ளைக் கையுறை. பலகாரத்தை மேஜைமேல் வைத்த கையோடு ஃபேன்ச்சர் ஒரு படிவத்தையும் வைத்தார்.

"துணைவிதி பதினொண்ணு ஒலீட்டாம்மா. உறுப்பினர் காலமானா அவர்கிட்ட இருக்கிற தோட்டா சங்கத்துக்கு. டோயலே கையெழுத்துப் போட்டிருக்காரு பாருங்க."

"துப்பாக்கி?"

"துப்பாக்கி உங்களுக்குத்தான். அதில சங்கத்துக்கு ஒரு உரிமையும் இல்ல." இதைச் சொல்லும்போது தன் தாராள குணத்தைப் பார்த்துத் தானே கொஞ்சம் நெகிழ்ந்தார். அலமாரியிலிருந்த பதினான்கு பெட்டிகளையும் கேலன் குழந்தையைத் தூக்குவதுபோல ஒவ்வொன்றாக எடுத்துப் போனார்.

வாசலில் நின்று ஃபேன்ச்சர் நாலு நல்ல வார்த்தை சொன்னார். "தங்கமான மனுஷன். நாங்க எல்லாருமே அவரை நேசிச்சோம். ஒரே ஒரு குறைதான்."

"என்ன குறை?"

"சுடுவாரு."

ஒலீட்டாவுக்குப் புரியவில்லை. பலகாரத்தை உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

முதல் அலங்கார நாள் ஐந்து வாரத்தில் வந்துவிட்டது. கல் வெட்டுகிறவர் அப்போது பெயரின் முதல் எழுத்தில்தான் இருந்தார். அதனால் அடுத்த வருஷம் என்று முடிவு செய்து, மூன்று தோட்டா வாங்க ஜுவனெலின் கடைக்குப் போனாள். ஆணி, கோழித்தீவனம், தோட்டா எல்லாம் அங்கேதான்.

ஜுவனெல் காலி அலமாரியைக் காட்டினாள். "ஃபேக்டரியில ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் போடறான். லாரி வந்து நிக்கறதுக்குள்ள சங்கத்து ஆளுங்க மொத்தத்தையும் அள்ளிட்டுப் போயிடறாங்க."

"அதே துப்பாக்கியில போடற சின்னத் தோட்டா ஒண்ணு உண்டுன்னு டோயல் சொல்வாரே?"

"அதையும் அள்ளிட்டாங்க. அதைப் போட்டு யாராவது இந்தத் துப்பாக்கிய அவமானப்படுத்திடக் கூடாதாம்."

"அவ்வளவையும் என்னதான் பண்ணுவாங்க?"

"வச்சிருப்பாங்க."

பக்கத்தில் தீவனம் வாங்கிக்கொண்டிருந்த ஆள் தன் பெரிய துப்பாக்கியால் மூன்று வெடி போட்டுத் தருவதாகச் சொன்னான். ஒலீட்டா நன்றி சொல்லி மறுத்தாள். சத்தம் வேறு. டோயல் கேட்டது அந்தச் சத்தம்.

ஆகவே சங்கத்துக்கே போனாள்.

சங்கத்தின் கிடங்கு தொண்டர் தீயணைப்பு நிலையத்தின் அடித்தளத்தில் இருந்தது. ஊரிலேயே பத்திரமான இடம் அதுதான் என்று தேர்ந்தெடுத்திருந்தார்கள். சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்கத் தோட்டா. ஒலீட்டா போன அன்று அவர்களுடைய வருடாந்திரத் துடைப்பு நாள். நாற்பது பேரும் வெள்ளைக் கையுறை போட்டு, நீள மேஜையில் வரிசையாக உட்கார்ந்து, ஒவ்வொரு தோட்டாவையும் எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்கள். துரு பிடித்த பூட்டைத் திறக்க ஒரு எண்ணெய் விற்பார்களே, எந்த இடுக்கிலும் போய் ஊறுவது, அந்த எண்ணெய். ஒருத்தர் துடைத்து அடுத்தவரிடம் கொடுக்க, அவரும் துடைப்பார்.

"மூணு தோட்டா வேணும்" என்றாள் ஒலீட்டா.

நாற்பது துணிகளும் நின்றன.

"எதுக்கு?" என்றார் ஃபேன்ச்சர்.

"சுட."

ஃபேன்ச்சர் அவளை நாற்காலியில் உட்காரவைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். மருத்துவர்கள் கெட்ட செய்தி சொல்லும்போது வைத்துக்கொள்ளும் குரல். "ஒலீட்டாம்மா, இது உலகத்திலேயே சிறந்த தோட்டா. நேராப் போகும், கையை உதைக்காது, காட்டிலும் உதவும், வீட்டிலும் உதவும். அப்பேர்ப்பட்டத சுட்டா என்ன ஆகும்?"

"என்ன ஆகும்?"

"ஒண்ணு குறையும்."

மேஜையில் இருந்தவர்கள் தலையசைத்தார்கள்.

"வருஷா வருஷம் ஃபேக்டரிக்கு நான் கடிதம் எழுதறேன். இதை நேசிக்கிறவங்க ஆயிரக்கணக்குல இருக்கோம், ஏன் அடிக்கடி தயாரிக்க மாட்டேங்கறீங்கன்னு. என்ன பதில் வருது தெரியுமா? போன தடவை வாங்கினவங்க இன்னும் தீர்த்ததா தெரியலையேன்னு எழுதறான். எவ்வளவு திமிர் பாருங்க. நாங்க தீர்க்கறவங்களா? அந்த நிலைமையில, இருக்கிறத காப்பாத்தற பொறுப்பு எங்க தலையில விழுந்திருக்கு. உங்க மூணுங்கிறது வெறும் மூணு இல்லம்மா. அது ஒரு வழக்கமாயிடும். இங்க நாற்பது பேர் இருக்கோம், எல்லாருக்கும் வயசாகுது. ஆளுக்கு மூணுன்னா நூத்திருபது. சாவுக்கே நூத்திருபது போனா, வாழறவங்க எதை வச்சிருப்பாங்க?"

ஒலீட்டா யோசித்துப் பார்த்தாள். "டோயலோடது பதினாலு பெட்டி கொண்டுவந்தீங்களே. அதில மூணு."

"அதெல்லாம் துடைச்சாச்சும்மா. மத்ததோட கலந்தாச்சு. எது யாரோடதுன்னு இங்க பேதமே கிடையாது." இதைப் பெருமையாகச் சொன்னார். பிறகு ஒரு விண்ணப்பப் படிவத்தைக் கொடுத்தார். நல்ல மனுஷன், இல்லை என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்.

விண்ணப்பத்தில் 'உபயோகம்' என்ற இடத்தில் நாலு கட்டம் இருந்தது: பாதுகாத்தல், காட்சிக்கு வைத்தல், பரம்பரைக்கு விடுதல், இதர. ஒலீட்டா 'இதர'வில் குறி போட்டாள். இதரவைப் பார்க்கும் குழு ஆகஸ்டில்தான் கூடும். ஆகஸ்டில் கூடிய குழு, விண்ணப்பதாரரிடம் இருப்பது உண்மையான ஜோடிதானா என்று தெரியாமல் மேற்கொண்டு பேச முடியாது என்று சொல்லிக் கலைந்தது. ரிவால்வரையும் கார்பைனையும் சோதனைக்கு அனுப்பச் சொன்னார்கள்.

கேலன் ப்ரூவிட் நேரில் வந்தார். மான் கொம்பிலிருந்து உறையை எடுத்துக் கொடுக்க ஒலீட்டா கை நீட்டினாள்.

"தொடாதீங்க தொடாதீங்க" என்றார் கேலன். "விரல்ல உப்பு இருக்கு."

கையுறையோடு எடுத்தார். நீல வெல்வெட் தலையணைமேல் படுக்கவைத்தார். கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்ன ஆச்சு?"

"கோடு விழுந்திருக்கும்மா. உருளையச் சுத்திக் கோடு. டோயல் இதைச் சுத்திச் சுத்திச் சுட்டிருக்காரு. என் ரிவால்வர வந்து பாருங்க. பதினோரு வருஷம் ஆச்சு, உருளை ஒரு தடவை கூட நகரலை. கண்ணாடி மாதிரி இருக்கும்."

"அப்ப உள்ள எப்படி இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"உள்ளயா?" என்றார் கேலன். "திறந்தா இன்னும் கோடு விழுமே. எங்க விதியே அதுதான். ஜோடித் துப்பாக்கியோட உருளைய எந்தக் கையும் திறக்கக் கூடாது."

அதோடு துப்பாக்கிகள் போயின. முதலில் நீள அகலக் குழு. அளந்தார்கள். பிறகு மெருகுக் குழு. பகல் வெளிச்சத்தில் ஒரு தடவை, விளக்கு வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்தார்கள். எடைக் குழு நிறுத்துப் பார்த்தபோது ரிவால்வர் புத்தகத்தில் போட்டிருப்பதைவிடக் கொஞ்சம் கனமாக இருந்தது. இரண்டு மாதம் விவாதம் நடந்தது. கடைசியில், பழைய காலத்து இரும்பின் தரம் அப்படி என்று தீர்மானம் எழுதி, டோயலின் ரசனையைப் பாராட்டிக் கைதட்டினார்கள். பிறகு புகைப்படக் குழு, ரிவால்வரைத் தலையணையோடு எல்லார் மடியிலும் மாறி மாறி வைத்துப் படம் எடுத்தது.

ஜனவரியில் ஒலீட்டாவுக்குத் தேர்வு. தோட்டா பெறுகிறவருக்கு அதன் அருமை தெரிந்திருக்க வேண்டுமாம். ஐந்து பேர் எதிரே உட்கார்ந்தார்கள். காப்பி கொடுத்தார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன்.

"மத்த ரிவால்வர்ல அஞ்சு, நம்மளோடதில ஆறு" என்றார் ஃபேன்ச்சர். "அந்த ஆறாவது தோட்டா எதைக் குறிக்குது?"

ஒலீட்டா காப்பியைக் கீழே வைத்தாள். "அஞ்சும் தப்பிப் போச்சுன்னா இன்னொண்ணு இருக்குன்னு."

ஐவரும் வெளியே போய் நாற்பது நிமிஷம் பேசினார்கள். திரும்பி வந்து, சரியான விடை 'நம்பிக்கை' என்றும், அவள் சொன்னதில் அதன் வாடை லேசாக இருப்பதால் அரை மதிப்பெண் தருவதாகவும் அறிவித்தார்கள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க ஞாயிறு நாலு மணி சத்தமில்லாமல் வந்து போயிற்று. உருளைக்கிழங்கு ஒரு வாரம் வேகாமல் இருக்கும், ஒரு வாரம் குழைந்துவிடும். ஒரு நாள் நான் போனபோது ஒலீட்டா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"கல்லு ரெடியாயிடுச்சு" என்றாள். "ஆர்க்கன்சாவிலருந்து அவர் தம்பி வரேன்னு சொல்லிருக்காரு. மே மாசமும் இவங்க கொடுக்கலைன்னா நான் கல்லறைக்குப் போய் டோயல்கிட்ட என்னத்தச் சொல்லிட்டு நிப்பேன்? உங்க சங்கத்துக்காரங்க கூட்டம் போட்டுட்டு இருக்காங்க, கொஞ்சம் பொறுங்கன்னா?"

ஏப்ரல் கடைசியில் கடிதம் வந்தது. 'டோயல் ராக்ஸ்டேல் நினைவு மரியாதை' நடத்த சங்கம் பெருமையுடன் ஒப்புதல் அளிக்கிறது. தோட்டா மூன்று. சுடுவது கேலன் ப்ரூவிட், டோயலின் கார்பைனால். சுட்டபின் வெற்றுக் கூடுகள் சங்கத்துக்கே. ரிவால்வர் சுடப்படாது, தலையணையில் காட்சிக்கு மட்டும். கீழே ஒரு வரி: நிகழ்ச்சியில் தலைவர் உரை இருபத்தைந்து நிமிடம்.

அலங்கார நாள் அன்று நல்ல வெயில். கல்லறை முழுக்க பியோனிப் பூ. மரத்தடியில் பொரித்த கோழி, முட்டை போட்ட உருளைக்கிழங்குக் கலவை, பதினேழு வகைப் பலகாரம். டோயலின் தம்பி தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கல்லுக்குப் பக்கத்தில் நின்றார். சங்கத்தார் நாற்பது பேரும் வெள்ளைக் கையுறையில் வந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் செம்மண் கரை. அதைப் பார்த்துத்தான் சுடுவது.

ஃபேன்ச்சரின் உரை முப்பத்தெட்டு நிமிஷம் போனது. டோயலின் பெயர் இரண்டு தடவை வந்தது. மற்றதெல்லாம் தோட்டா.

கேலன் முன்னால் வந்தார். பெட்டியைத் திறந்து மூன்று தோட்டாவை எடுத்தார். பளபளவென்று இருந்தன. கார்பைனில் போட்டார். கரையைக் குறிவைத்தார். பதினோரு வருஷத்துக்குப் பிறகு விசையை இழுக்கிறார்.

டிக்.

கேலன் முழுசாக ஒரு நிமிஷம் துப்பாக்கியைக் கரைப் பக்கமே பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு கீழே இருக்கும் நெம்புபிடியை இழுத்தார். சுடாத தோட்டா புல்லில் விழுந்தது. இரண்டு பேர் மண்டியிட்டு அதைத் தேடி எடுத்துத் துடைத்தார்கள்.

டிக்.

அடுத்ததும் டிக்.

டோயலின் தம்பி ஒலீட்டாவைப் பார்த்தார். ஒலீட்டா கல்லைப் பார்த்தாள்.

கூட்டத்திலிருந்து ஜுவனெல் முன்னால் வந்தாள். கீழே விழுந்த தோட்டா ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தாள், மோந்தாள். "இதில என்ன தடவறீங்க?"

ஃபேன்ச்சர் எண்ணெயின் பெயரைச் சொன்னார்.

"அது இரும்புக்குள்ளயே பூந்து போற எண்ணெயாச்சே. தோட்டா அடியில இருக்கிற பொட்டு மருந்துல இறங்குச்சுன்னா செத்துப் போயிடும். எத்தனை வருஷமா தடவறீங்க?"

"பத்தொன்பது."

"எல்லாத்துக்குமா?"

"ஒண்ணு கூட விடலை" என்றார் கேலன். அவருக்கு இன்னும் விளங்கவில்லை.

ஃபேன்ச்சருக்கு விளங்கிவிட்டது. முகம் வெளுத்தது. ஆனால் பத்தொன்பது வருஷம் தலைவராக இருந்தவர், கையை உயர்த்தி அமைதி கேட்டார். ஏற்கெனவே அமைதியாகத்தான் இருந்தது.

"நண்பர்களே, சங்க வரலாற்றிலேயே இன்றுதான் ஒரு மரியாதை, ஒரு தோட்டா கூட இழக்காமல் நிறைவேறியிருக்கிறது. மூன்று போயின, மூன்றும் திரும்பி வந்துவிட்டன. டோயலுக்கு இதைவிடப் பொருத்தமான பிரியாவிடை எனக்குத் தெரியவில்லை. இனி எல்லா மரியாதையும் இந்த முறையில்தான் நடக்க வேண்டும் என்று முன்மொழிகிறேன்."

"வழிமொழிகிறேன்" என்றது ஒரு குரல்.

ஒலீட்டா அதையெல்லாம் கேட்கவில்லை. அவள் தலையணையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரிவால்வர் அதில் படுத்திருந்தது, அன்று மான் கொம்பில் இருந்தது எப்படியோ அப்படியே. அவள் உதடு அசைந்தது. சர்ச், கோழி, தூக்கம் என்று ஏதோ வரிசையாக எண்ணுவதுபோல இருந்தது.

"கேலன்" என்றாள். "ஒண்ணு கேக்கறேன். இது உங்ககிட்ட ஒன்பது மாசம் இருந்ததே. உருளைய யாராவது திறந்தீங்களா?"

கேலனுக்கு உயிர் வந்தது. அன்றைக்கு அவரால் பெருமையாகச் சொல்ல முடிந்த ஒரே விஷயம் அது. "ஒரு கை படலைம்மா. எட்டுக் குழுவும் பார்த்துச்சு, ஒருத்தர் திறக்கலை. டோயல் வச்சது வச்சபடி இருக்கு. பைபிள் மேல சத்தியம் பண்ணுவேன்."

"வேணாம். நம்பறேன்."

ஒலீட்டா ரிவால்வரை எடுத்தாள். வெறுங்கையால். கேலன் "உப்பு" என்று ஏதோ சொல்லவந்தார். அவள் எல்லாரையும் தனக்குப் பின்னால் போகச் சொன்னாள். வேலிப்பக்கம் நடந்து போய், செம்மண் கரையை நோக்கி இரண்டு கையாலும் நீட்டினாள்.

சர்ச்சின் தரையில் பலகை விழுந்தது, அதே சத்தம்.

நாற்பது ஜோடி வெள்ளைக் கையுறைகளும் புல்லில் கிடந்தன, ஆட்களோடு. தங்கள் மடியில் தலையணையோடு வைத்துப் படம் எடுத்துக்கொண்டவர்கள் மடியைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். ஃபேன்ச்சர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு முகம் குப்புற இருந்தார்.

இரண்டாவது. மூன்றாவது. கரையில் மண் உதிர்ந்தது. டோயலின் தம்பி தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டார். மரத்தடியில் ஒரு பெண், யோசிக்காமல், அடுப்பைத் தேடுவதுபோலத் திரும்பினாள்.

ஒலீட்டா உருளையைத் திறந்தாள். மூன்று வெற்றுக் கூட்டை உள்ளங்கையில் தட்டி எடுத்து, கல்லின் மேல் வரிசையாக வைத்தாள்.

"கோடு விழுந்திருக்கும்" என்று புல்லிலிருந்து கேலன் முனகினார்.

ஃபேன்ச்சர் எழுந்தார். முழங்காலில் ஒட்டிய புல்லைத் தட்டினார். ரிவால்வருக்குள் எட்டிப் பார்த்தார்.

"மீதி மூணு இருக்கு."

"இருக்கு."

"ஒலீட்டாம்மா, இப்ப இந்த மாவட்டத்திலேயே உயிரோட இருக்கிற முப்பத்திரண்டு மேக்னம் இந்த மூணுதான்னு நினைக்கிறேன். துணைவிதி பதினொண்ணு…"

"ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வீட்டுக்கு வாங்க" என்றாள் ஒலீட்டா. "இப்பப் போய்ச் சாப்பிடுங்க. கோழி ஆறிடும்."

ஞாயிறன்று அவர் வந்தார். தனியாகத்தான் வந்தார். அதற்குள் சங்கம் இரண்டாக உடைந்துவிட்டது. எண்ணெய் தவறா, துணி தவறா என்று தனித்தனிக் குழு. ஃபேன்ச்சர் பின்பக்கத்து வேலியோரம் கைகட்டி நின்றார். நானும் அங்கே இருந்தேன், உருளைக்கிழங்கு சீவ.

ஒலீட்டா ஓக் கட்டையைப் பார்த்துச் சுட்டாள். இந்தத் தடவை அவர் காதைப் பொத்தவில்லை. இரண்டாவதும் சுட்டாள். ஃபேன்ச்சரின் வாய் லேசாகத் திறந்திருந்தது.

"இப்படியா இருக்கும் சத்தம்?" என்றார் மெதுவாக.

அவர் முகத்தைப் பார்த்து ஒலீட்டாவுக்கு மனசு இளகிவிட்டது. அவள் அப்படித்தான். உருளையைத் திறந்து, கடைசித் தோட்டாவை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். "இந்தாங்க. இதை நீங்க சுடுங்க."

ஃபேன்ச்சர் அதை வெகு நேரம் பார்த்தார். கண் கலங்கியிருந்தது, பொய் சொல்ல மாட்டேன். திருப்பிப் பார்த்தார், வெயிலில் பிடித்துப் பார்த்தார். பிறகு மற்றக் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டு எண்ணெய்த் துணியை எடுத்தார்.

ஒலீட்டா தோட்டாவைத் திரும்ப வாங்கித் தானே சுட்டாள். நான் உருளைக்கிழங்கை அடுப்பில் ஏற்றினேன்.